ஈயமில்லாக் கூரைப்பள்ளம்

ஒரு வீட்டின் கூரை ஒரே முகட்டிலிருந்து இரு பக்கமும் நேராகச் சரிந்து முடிந்துவிடுமானால், அதை வேய்வதற்குப் பொறுமையும் ஓரளவு பழக்கமும் போதும்; ஆனால் அந்தக் கூரையின் நடுவில் வேறொரு கூரை குறுக்கே வந்து சேருமானால், இரண்டு சரிவுகளும் உள்நோக்கி மடங்கிச் சந்திக்கின்ற இடத்தில் மேலிருந்து இறவாணம் வரையில் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது; வேய்கிறவனுடைய சாமர்த்தியம் முழுவதும் பரீட்சைக்கு உள்ளாவது அந்தப் பள்ளத்தில்தான். இரண்டு கூரைகளின்மேல் பெய்த மழையும் அங்கே கூடுகிறது. காற்று அடித்துச் சேர்க்கும் சருகும் உதிர்ந்த பாசியும் அங்கேதான் தங்குகின்றன. பனி பெய்யும் நாடுகளில் அது கடைசி வரையில் உருகாமல் கிடப்பதும் பெரும்பாலும் அங்கேயே. இவை போதாவென்று க்ஷேத்திர கணிதமும் வேய்கிறவனுக்கு விரோதமாக நிற்கிறது. ஒரே சாய்வுள்ள இரு கூரைகள் நேர்கோணத்தில் சந்திக்கும்போது, அவற்றின் நடுவிலுள்ள பள்ளம் அக்கூரைகளைவிட எப்போதும் குறைந்த சாய்வுடையதாகவே அமையும். 55 டிகிரி சாய்ந்த கூரையில் பள்ளத்தின் சாய்வு ஏறத்தாழ 45 டிகிரிதான். 45 டிகிரிக் கூரையில் 35. 30 டிகிரிக் கூரையிலோ 22 டிகிரிக்குச் சற்றே அதிகம். அதாவது, எந்த இடத்தில் தண்ணீர் மிகுதியோ அந்த இடத்திலேயே அது மந்தமாக ஓடுகிறது.

இந்தச் சங்கடத்துக்கு ஐரோப்பியத் தேசங்களில் சாதாரணமாகக் கையாண்டு வந்த பரிகாரம் ஈயத்தகடு. பள்ளத்தின் அடியில் பலகை பரப்பி, அதன்மேல் ஈயத்தைப் படியவைத்து, இரு புறத்துக் கல்லோடுகளையும் சாய்வாக நறுக்கி அந்தத் தகட்டின் ஓரத்தில் நிறுத்திவிட்டால், நடுவில் ஒரு திறந்த கால்வாய் உண்டாகி நீர் அதன் வழியே இறங்கிவிடும். ஆனால் இங்கிலாந்தில், க்ளாஸ்டர்ஷயரிலும் ஆக்ஸ்போர்டுஷயரிலும் பரந்து கிடக்கும் காட்ஸ்வோல்டு என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுப் பிரதேசத்தில், ஒரு துண்டு ஈயமும் இல்லாமல், சுவரும் கூரையும் எந்தக் கல்லோ அதே கல்லைக்கொண்டு, ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு வரிசை முறியாமல் வளைத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தை மூடிவிடுகிற ஒரு முறை பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்தது. அம்முறை எவ்வாறு பிறந்தது, எதனால் குன்றியது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை அழகுணர்ச்சியின் விளைவாகக் கருதிப் பரவசப்படுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கல்லின் கனமும், கூரையின் செங்குத்தான சாய்வும், ஈயம் வாங்கப் பணமில்லாமையும் ஆகிய மூன்றும் கூடிப் பெற்ற பிள்ளை அது. அழகு பின்னால் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிப் பழகிய கரிய சிலேட்டுக்கும் காட்ஸ்வோல்டு மக்கள் சிலேட்டு என்று வழங்கிய கல்லுக்கும் பூகர்ப்ப சாஸ்திரப்படி யாதொரு சம்பந்தமும் இல்லை. முன்னது சேறு படிந்து, மலைகள் எழுந்தபோது உண்டான அழுத்தத்தால் இறுகி, உளியால் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும் இயல்பு பெற்றது. பின்னதோ பதினாறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்த மணலும் சுண்ணாம்பும் கலந்த கல். அப்படிப்பட்ட கல்லிலும் சில படுகைகள் மட்டும் மெல்லிய பலகைகளாகப் பிளக்கும். பூமிக்குமேல் காலகாலமாக மழையிலும் பனியிலும் கிடந்து தாமாகவே பிளந்து நின்ற கற்களையே ஆதியில் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவை தீர்ந்த பின்னரோ, போதாமற்போன பின்னரோ, மனிதன் பனியையே வேலைக்கு அமர்த்திக்கொண்டான்.

அந்த வித்தையில் பேர்பெற்ற ஊர், ஆக்ஸ்போர்டுக்கு வடமேற்கே ஈவன்லோடு ஆற்றின் பக்கத்தில் இருக்கும் ஸ்டோன்ஸ்பீல்டு. அங்கே நல்ல கல் பூமியின் ஆழத்தில் இருந்ததனால், கிணறு தோண்டுவதுபோலக் குழி இறக்கி, சில இடங்களில் 60 அடி ஆழம் வரைக்கும் போய், அடியில் குனிந்தும் தவழ்ந்தும் பக்கவாட்டில் குடைந்து, பெண்டில் என்று அவர்கள் வழங்கிய கற்பாளங்களை ராட்டினத்தால் மேலே ஏற்றினார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் எடுக்கவேண்டியதை எடுத்துவிடுவது கிரமம். மேலே வந்த கல்லை வயலில் பரப்பி, அதன் பிறவி ஈரம் உலர்ந்துவிடாதபடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏனெனில் ஒருமுறை முற்றிலும் காய்ந்துபோன பெண்டில் பின்பு எத்தனை பனியில் கிடந்தாலும் பிளப்பதில்லை. கடும் பனி விழும் இரவொன்று வாய்த்தால், கல்லின் நுண்ணிய இடுக்குகளில் நின்ற நீர் உறைந்து பருத்து, பாளத்தைத் தகடு தகடாகத் தளர்த்திவிடும். அத்தகைய இரவில் மாதா கோயில் மணி ஒலிக்கும். உறங்கிக்கொண்டிருந்த ஊரார் எழுந்து வயலுக்கு ஓடி, கற்களின்மேல் மீண்டும் தண்ணீர் தெளித்துப் பனிக்கு இரை கொடுப்பார்கள். குளிர்காலம் மிதமாகப் போய்விட்டதோ, அந்த வருஷத்து உழைப்பு முழுவதையும் மண்ணைப் போட்டு மூடி, ஈரம் காத்து, அடுத்த குளிர்காலத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். உழவன் மழைக்காக வானத்தைப் பார்த்திருப்பதை நாம் அறிவோம். உறைபனிக்காக வானத்தைப் பார்த்திருந்த கல்தொழிலாளர் உலகத்தில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த வழக்கத்தை ராபர்ட் பிளாட் என்னும் அறிஞர் 1677-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆக்ஸ்போர்டுஷயரின் இயற்கை வரலாற்று நூலிலேயே குறித்திருக்கிறார். அதே நூலில் அவர் கார்ன்வெல் என்னும் ஊரில் அகப்பட்ட ஒரு பிரமாண்டமான எலும்பின் நுனியையும் படம் எழுதிக் காட்டி, அது யானையினுடையதாக இருக்குமோ என்று ஆலோசித்து, முடிவில் இராக்ஷஸ மனிதன் ஒருவனுடைய தொடை எலும்பு என்று தீர்மானித்துவிட்டார். அந்த இராக்ஷஸன் யார் என்பது வெளிப்பட ஒன்றரை நூற்றாண்டு சென்றது. ஸ்டோன்ஸ்பீல்டில் கூரைக்காகக் கல் எடுத்தவர்கள் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த எலும்புகளையும் பல் நின்ற தாடையையும் ஆராய்ந்த வில்லியம் பக்லண்டு, 1824-இல் லண்டன் பூகர்ப்ப சங்கத்தில் மெகலோசாரஸ் என்னும் பெயரை வெளியிட்டார். டைனசோர் இனத்தில் சாஸ்திர முறைப்படி முதன்முதல் பெயரிடப்பட்ட பிராணி அதுவே. அதே கல்லிலிருந்து எலிபோன்ற சிறு பாலூட்டிகளின் தாடைகளும் கிடைத்தன. 1818-இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் கூவியே அவற்றைப் பார்த்தார். ஊர்வன ஆண்ட யுகத்திலேயே பாலூட்டிகளும் இருந்தன என்ற, அக்காலத்தவர் நம்பத் தயங்கிய செய்தி, வீட்டுக்கூரைக்குக் கல் தேடியவர்களுடைய சம்மட்டியினால் வெளிவந்தது. இது நம் விஷயத்துக்குச் சற்றே புறம்பானதாயினும், சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

பிளந்த கல்லை வசந்தத்திலும் கோடையிலும் ஓரம் தட்டிச் சதுரமாக்கி, தலைப்பக்கத்தில் கூரிய சம்மட்டியால் ஒரு துவாரம் இட்டு, கோடிட்ட ஓர் அளவுகோலால் நீளம் பார்த்து வகைப்படுத்துவார்கள். இயற்கை தருகிற கல் ஒரே அளவாக இருக்குமா? இரண்டு அடிக்கு மேற்பட்ட பலகையும் வரும், சாண் அளவுள்ள துணுக்கும் வரும். எதையும் எறிந்துவிட மனமில்லாத ஏழைத் தொழில் அது. ஆதலால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வைத்து எல்லாவற்றையும் விலைப்படுத்தினார்கள். காக், மஃபிட்டி, பேச்சிலர் என்று வேடிக்கையான பெயர்கள் அவற்றுக்கு உண்டு; பேச்சிலரில் நெடியதும் குறியதும் தனித்தனி. கூரையின்மேல் வைக்கும்போது மிகப் பெரியவற்றை இறவாணத்தில் அமர்த்தி, மேலே போகப்போக வரிசைக்கு வரிசை அளவைக் குறைத்துக்கொண்டு, முகட்டின் அருகே மிகச் சிறியவற்றால் முடிப்பது சம்பிரதாயம். கனமான கல் சுவருக்குமேலே தங்குகிறது. நீர் மிகுதியாகத் திரளும் கீழ்ப்பகுதியில் இணைப்புகள் குறைகின்றன. கிடைத்த கல் எதுவும் வீணாவதில்லை.

இத்தகைய கூரை நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. ஓக் மரத்து முளையைக் கல்லின் துவாரத்தில் செருகி, குறுக்குச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். உட்புறத்தில் சுண்ணாம்புடன் மயிர் கலந்த சாந்தைப் பூசிக் காற்றைத் தடுப்பார்கள். பனியால் பிளந்த கல் மேடுபள்ளமானது, ஒன்றோடொன்று முழுவதும் ஒட்டிப் படியாது; ஆகையால் நீர் இடுக்கில் தேங்காமல் விரைந்து ஓடிவிட வேண்டுமென்றே கூரையை 50 டிகிரிக்குமேல், பெரும்பாலும் 55 டிகிரி வரையில், செங்குத்தாக நிறுத்தினார்கள். செங்குத்தான கூரை அகன்ற வீட்டின்மேல் எழுந்தால் வானளாவிவிடும். ஆகவே வீடு ஓர் அறை அகலமுள்ளதாகவே இருக்கும். இடம் வேண்டுகிறவன் வீட்டை நீளவாக்கிலே வளர்க்க வேண்டும், அல்லது உயர்ந்த கூரைக்குள்ளேயே குடியேற வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் அந்தப் பிரதேசத்தார் தாராளமாகச் செய்தது இரண்டாவது காரியம். கூரைக்குள் அமைத்த அறைக்கு வெளிச்சம் தேவை. அதற்காக முன்சுவரை அப்படியே மேலே எழுப்பி, முக்கோண முகப்பிட்டு, சன்னல் வைத்து, அதன்மேல் ஒரு சிறு கூரையைப் பெருங்கூரைக்குள் செலுத்தினார்கள். முகப்பு ஒன்று எழுந்தால் பள்ளம் இரண்டு. வரிசையாக நான்கு முகப்புள்ள தெருவீட்டுக்கு எட்டுப் பள்ளங்கள். பிபரி கிராமத்தில், 1380-ஐ ஒட்டிக் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டுப் பிற்காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்ட ஆர்லிங்டன் வரிசையைப் படத்தில் பார்த்தவர்களும் இதை எளிதில் உணரலாம். எட்டுப் பள்ளங்களுக்கும் ஈயம் வாங்க நெசவாளனிடம் எங்கே பணம்? ஈயம் கோவில்களுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் உரிய பொருளாக இருந்த காலம் அது.

ஆகவே ஊர்ச் சிலேட்டுக்காரன் தன் கல்லையே நம்பினான். அவன் செய்தது இது: பள்ளத்தின் அடியில், இரு சரிவுகளின் கூர்மையான மடிப்பை மழுக்கும்படியாக, மேலிருந்து கீழ்வரை ஓர் அகன்ற பலகையைப் பதிப்பான். பலகை பதிந்ததும் மடிப்பு என்பது போய், மெல்லிய குழிவு ஒன்று உண்டாகிறது. அந்தக் குழிவில் வைப்பதற்கென்று, தலைப்பக்கம் அகன்றும் கால்பக்கம் குறுகியும் இருக்கும்படி கற்களைத் தறிப்பான். இவ்வாறு தறித்த கற்களை இடையில் செருகும்போது, இடப்பக்கத்துச் சரிவில் வந்துகொண்டிருந்த வரிசை சற்றே சாய்ந்து, பள்ளத்தில் திரும்பி, வலப்பக்கத்துச் சரிவில் முறியாமல் ஏறிக்கொள்கிறது. ஒரு வரிசையின் இணைப்பு மற்றொரு வரிசையின் இணைப்பின்மேல் வந்துவிட்டால் நீர் நேரே உள்ளே இறங்கிவிடுமாதலால், ஒரு வரிசையின் நடுவில் கல்லும் அடுத்த வரிசையின் நடுவில் இணைப்புமாக மாறிமாறி அமைப்பான். இந்தக் கற்களுக்கும் பாட்டமர், ஸ்கியூ, லை-பை என்று தொழிலாளரிடையே தனிப்பெயர்கள் உண்டு.

சொல்லிக்கொண்டு போவதற்கு இது சுலபமாகத் தோன்றும். இதன் உண்மையான கஷ்டம் பள்ளத்தில் அன்று, பள்ளத்துக்கு வெளியில் இருக்கிறது. வரிசை திரும்பவேண்டுமானால் இரு சரிவுகளிலும் அது ஒரே உயரத்தில் வந்து சேர வேண்டும். சேரும் கற்கள் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். எல்லாக் கல்லும் ஒரே நீளமாயிருந்தால் ஒரு நூலைப் பிடித்துவிடலாம். இங்கேயோ வரிசைக்கு வரிசை நீளம் குறைகிறது. மேலும், சன்னல் முகப்பின் சிறு கூரை பெருங்கூரையின் இடைமட்டத்திலிருந்து தொடங்குகிறது. பெருங்கூரையில் அந்த மட்டத்துக்கு வரும்போது பெரிய கற்கள் தீர்ந்து நடுத்தரக் கற்கள் நடந்துகொண்டிருக்கும். சிறு கூரையின் இறவாணமோ தன் முறைக்குப் பெரிய கல்லைக் கேட்கும். எந்த அளவுக் கல் எத்தனை இருக்கிறது, எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைவரை அதை இழுத்துக்கொண்டு போகலாம், எந்த இடத்தில் இரு கூரைகளும் ஒத்துவரும் என்பதையெல்லாம், ஒரு கல்லும் மேலே ஏறுவதற்கு முன்னர், கீழே முற்றத்தில் குவித்துவைத்த கற்களைப் பார்த்தே அவன் மனத்தில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். காகிதமும் வரைபடமும் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட்டவனை வெறும் கூலிக்காரன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தறிப்பதில் கழிவு மிகுதியாதலால் பள்ளத்துக்கு நல்ல அகலமுள்ள கற்களையே பொறுக்கி எடுக்க வேண்டும் என்பதும், ஒரு பள்ளத்தைத் திருத்த நேர்ந்தால் இரு பக்கமும் சில முழம் தூரத்துக்குக் கூரையைக் கலைத்தாக வேண்டும் என்பதும் இம்முறையின் குறைகள். ஆனால் செம்மையாக வேய்ந்த பள்ளம் கூரையின் ஆயுள் உள்ளவரையில் தானும் நின்றது.

ஈயத்தின் சுபாவம் அப்படிப்பட்டதன்று. வெயிலில் நீண்டும் குளிரில் சுருங்கியும் அது ஓயாமல் அசைகிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள தகடு 50 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும். சுருங்கும்போது முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாமல், சரிவில் தன் கனத்தாலேயே சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டு, நாளடைவில் மடிப்பு விழுந்து வெடித்துவிடுகிறது. பள்ளத்துத் தகட்டை ஒன்றரை மீட்டருக்குமேல் ஒரே துண்டாகப் போடலாகாது என்பது இக்காலத்து விதி. அது அநேகம் பள்ளங்கள் ஒழுகிய பிறகு கற்ற பாடம். பாசி படர்ந்த கூரையிலிருந்து வடியும் நீரிலுள்ள அமிலமும் ஈயத்தை அரிக்கும். இவ்வளவு குறைகள் இருந்தும் ஈயம் வென்றது. வெற்றிக்குக் காரணம் ஈயம் அன்று, வேல்ஸ் தேசத்துச் சிலேட்டு.

வட வேல்ஸில் பென்ரின், டினார்விக் முதலிய மலைக் கற்குவாரிகளிலிருந்து வெளிவந்த சிலேட்டு மெல்லியது, சமமானது, டச்சஸ், கவுண்டஸ் என்ற சீமாட்டிகளின் பட்டப்பெயர்களோடு ஒரே அளவாக எண்ணிக் கட்டப்பட்டு வருவது. காட்ஸ்வோல்டுக் கல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகாதது. கடல் வழியே செல்லும் சிலேட்டின்மேல் 1794-இல் விதித்த வரி 1831-இல் எடுபட்டது. கால்வாய்களும் பின்னர் ரயில் பாதைகளும் அதை உள்நாட்டின் மூலைமுடுக்குகளுக்குக் கொண்டுபோயின. ஈவன்லோடுப் பள்ளத்தாக்கின் வழியே ரயில் ஓடத் தொடங்கியது 1853-இல். ஸ்டோன்ஸ்பீல்டுக்காரர்கள் தங்கள் வயலில் பனிக்காகக் காத்திருந்துகொண்டே, பனியை எதிர்பாராத ஒரு கல் தங்கள் ஊர்ப்பக்கமே வந்து இறங்குவதைக் கண்டார்கள். மெல்லிய சிலேட்டுக்கு 55 டிகிரிச் சாய்வு வேண்டுவதில்லை, 30 டிகிரியும் போதும். சாய்வு குறையவே மரமும் குறைந்தது, வீட்டை இரண்டு அறை அகலமாகவும் கட்ட முடிந்தது. ஆனால் 30 டிகிரிக் கூரையில் பள்ளத்தின் சாய்வு 22 டிகிரிதான் என்று முன்பே கண்டோம். அவ்வளவு சாய்வில் வெறுங்கல்லை மட்டும் நம்பிப் பள்ளத்தை விட்டுவிட யாருக்குத் துணிவு வரும்? தகடு வேண்டியதாயிற்று. சிலேட்டினாலும் வளைவுப் பள்ளம் வேயலாம், செங்குத்தான கூரைகளில் வேய்ந்தும் இருக்கிறார்கள். ஆயினும் கூலி விலையையும் தகட்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த கட்டட ஒப்பந்தக்காரர்களுக்குத் தகடே மலிவாகப் பட்டது.

ஆகவே காட்ஸ்வோல்டுத் தொழிலாளன் தன் வித்தையை மறந்துவிட்டான் என்று சிலர் வருந்திக் கூறுவது சரியன்று. அவன் மறக்கவில்லை, அந்த வித்தை நிற்பதற்கு வேண்டிய செங்குத்துக் கூரை அவன் காலடியிலிருந்து எடுபட்டுவிட்டது. ஸ்டோன்ஸ்பீல்டின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1910-ஐ ஒட்டி அத்தொழில் அங்கே முடிவுற்றது.

அதற்குள் வேறொரு கூட்டத்தார் இதே கூரைகளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். 1871-இல் அப்பக்கத்துக் கெல்ம்ஸ்காட்டு வீட்டைக் குத்தகைக்கு எடுத்த கவிஞரும் அலங்காரக் கலைஞருமான வில்லியம் மாரிஸ், அதன் கூரையில் கற்கள் கீழிருந்து மேலே சிறுத்துக்கொண்டு போகும் முறையில் ஈடுபட்டு அதைப் புகழ்ந்து எழுதினார். 1877-இல் அவர் தோற்றுவித்த புராதனக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய கூரையைப் பழைய முறைப்படியே திருத்த வேண்டும் என்று வற்புறுத்தி வந்தது. கட்டடக் கலைஞர்களான எர்னஸ்ட் கிம்ஸனும் பார்ன்ஸ்லி சகோதரர்களும் 1893 முதல் அந்தப் பக்கத்திலேயே குடியேறி உள்ளூர்த் தொழிலாளரோடு சேர்ந்து வேலைசெய்தார்கள். எர்னஸ்ட் பார்ன்ஸ்லி 1909-இல் தொடங்கிய ராட்மார்ட்டன் மாளிகை இயந்திர உதவியைக் கூடியவரையில் விலக்கிக் கட்டப்பட்டதனால் முடிவதற்கு இருபது ஆண்டு சென்றது. ஈயம் வாங்க இயலாத நெசவாளனுடைய உபாயத்தை, எதையும் வாங்க வல்ல செல்வர்கள் தங்கள் மாளிகைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த கூலியால்தான் வளைவுப் பள்ளத்தைக் கை அறிந்த குடும்பங்கள் இன்னும் ஒரு தலைமுறை தொழிலில் நின்றன.

ஆனால் கை இருந்தும் கல் இல்லை. புதுக் கல் வருவது நின்றபின், பழைய வீட்டின் கூரையைத் திருத்துவதற்கு மற்றொரு பழைய கூரையைப் பிரிப்பதே வழியாயிற்று. வயல்களில் கேட்பாரற்று நின்ற தானியக் களஞ்சியங்களும் மாட்டுக்கொட்டில்களும் இவ்வாறு கல்லிழந்தன. பள்ளத்துக்கு அகன்ற கல்லே தேவையாகையால், ஒரு வீட்டின் இரண்டு பள்ளங்களைச் செம்மைசெய்யக் களஞ்சியத்தின் இறவாணத்து வரிசைகளில் கைவைக்க வேண்டியிருந்தது. இறவாணம் போன கூரை அதிக நாள் நிற்பதில்லை. பழமையைக் காக்கும் முயற்சியே பழமையைத் தின்றுகொண்டிருந்த இந்த விபரீதத்தைக் கண்ட பின்னரே, மீண்டும் கல் எடுக்கும் யோசனை பலப்பட்டது.

வடகிழக்கே நார்தாம்ப்டன்ஷயரின் எல்லையில் காலிவெஸ்டன் என்னும் ஊரிலும் பனியால் பிளக்கும் இதே இனத்துக் கல் உண்டு. லண்டன் கில்டுஹால் மண்டபத்தின் கூரையை, இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுவீச்சுக்குப் பிறகு புதுப்பித்தபோது அந்தக் கல்லாலேயே வேய்ந்தார்கள். குளிர்காலங்கள் மிதமாகிவிட்டதனால் அங்கும் தொழில் தளர்ந்துபோயிருந்தது. இந்த நூற்றாண்டில் ஒரு புதிய உபாயம் கண்டார்கள்: பெண்டிலுக்கு ஒப்பான பாளங்களை நீர் தெளித்துக் குளிர்பதன அறைகளில் அடைத்து, உறைவதும் உருகுவதுமாகப் பலமுறை மாற்றி மாற்றிச் செய்து, வானத்தை எதிர்பாராமலே சில வாரங்களில் பிளக்க வைப்பது. அவ்வூர்ப் பக்கத்திலுள்ள அபெதார்ப் மாளிகையின் கூரைக்கு அவ்வாறு செய்த கல் ஏறியது. காலிவெஸ்டன் கல் மெல்லியதும் சிறியதுமாகையால் காட்ஸ்வோல்டுக் கூரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஸ்டோன்ஸ்பீல்டிலோ சுரங்கம் எதுவும் திறக்கப்படவில்லை. கல்லைப் பிளக்க யந்திரம் கிடைத்துவிட்டது. ஆனால் பிளந்த கல்லைத் தலை அகன்று கால் குறுகும்படி தறித்து, மாறிமாறி இணைப்பு விலக்கிப் பள்ளத்தில் திருப்பிவிடுகிற வேலையைத் தொழிலாளர்கள் இன்றும் ஏணியின்மேல் நின்று சம்மட்டியைக் கொண்டு கையாலேதான் செய்துவருகிறார்கள்.